கொழும்பு நேரத்தில் இருந்தவன்

கார்த்திகை மாதத்து டென்மார்க்கில் பகல் என்பது பேருக்குத்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்து கை கழுவி நிமிர்வதற்குள் யன்னலுக்கு வெளியே கருக்கல் வந்து நின்றுவிடும். பிராண்டே ஊரின் விளிம்பில், ஊசியிலைக் காடு தொடங்குகிற இடத்தில் சுபாங்கன் வாங்கியிருந்த பழைய செங்கல் வீட்டுக்கு அது இன்னும் கொஞ்சம் முந்தியே வந்துவிடும். காட்டின் நிழல் முதலில் அந்த வீட்டுக் கூரையில்தான் விழும்.

அன்றும் அப்படித்தான். காற்றாலைத் தொழிற்சாலையில் வேலை முடித்து வந்து, காரை நிறுத்திவிட்டு இறங்கினான். ஈர மண்ணும் அழுகிய இலையும் மணத்தன. கதவைத் திறந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே குசினிக்குள்ளிருந்து மனைவி துஷாராவின் குரல் கேட்டது. தாழ்ந்த குரல். அடம்பிடிக்கிற பிள்ளைக்குச் சமாதானம் சொல்வதுபோல இருந்தது.

"ஓம். வீட்டிலதான் நிக்கிறன். ஓம், தனியத்தான்."

பிறகு லப்டொப்பின் மூடி சாத்தப்படும் சத்தம்.

சுபாங்கன் ஒரு சப்பாத்தைக் கழற்றி மற்றதைக் கழற்றாமல் அப்படியே நின்றான்.

அவனைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். சந்தேகம் அவனுக்குச் சளி மாதிரி, எந்தக் காலநிலையிலும் பிடித்துக்கொள்ளும். துஷாரா இணுவிலிலிருந்து வந்து டெனிஷ் மொழி படிக்கப் போன புதிதில், எழுபதை நெருங்கிய ஆசிரியர் ஒருவர் அவளுடைய உச்சரிப்பை மெச்சினார் என்று தெரிந்து, ஒவ்வொரு நாளும் வகுப்பு வாசலில் காரோடு போய் நின்றவன். எவ்வளவு அன்பான புருசன் என்று கூடப்படித்த பெண்கள் சொன்னார்கள். துஷாரா தலையைக் குனிந்துகொண்டு காரில் ஏறுவாள்.

"ஆரோட கதைச்சனீர்?" குசினி வாசலில் நின்று கேட்டான்.

"அம்மாவோட."

"அம்மாவுக்கு நீர் தனிய நிக்கிறீர் எண்டு ஏன் சொல்ல வேணும்?"

அவள் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கத் திரும்பிக்கொண்டாள். அவளுடைய தோள்கள் கொஞ்சம் உயர்ந்து இறங்கின.

அந்த லப்டொப்பைச் சுபாங்கனுக்குப் பிடிக்காது. ஊரிலிருந்து அவள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்த பழைய கறுப்புப் பெட்டி. விசைகளில் எழுத்தெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. வீட்டில் சுவர் மணிக்கூடும், அடுப்பும், இருவருடைய போன்களும் டென்மார்க் நேரத்தைக் காட்ட, அது மட்டும் மூலையில் கொழும்பு நேரத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். இவன் மூன்றரைக்கு வேலையால் வந்து இறங்கும்போது அதில் இரவு எட்டு மணி. ஒருவனும் ஒருத்தியும் ஆறுதலாகக் கதைப்பதற்கு எட்டு மணி நல்ல நேரம் என்று அவன் நினைத்துக்கொள்வான்.

"அந்த நேரத்தை மாத்திவிடுமன். இஞ்ச வந்து ரெண்டு வருசமாச்சு."

"அது கிடக்கட்டும்," என்றாள் அவள். "அம்மாவுக்கு எடுக்க வசதி."

"பாஸ்வேர்ட் என்ன?"

"எனக்கே ஞாபகமில்லை. விரல் தன்ரபாட்டில அடிக்கும்."

இதை நம்புவதற்கு வேறு புருசனைப் பார்க்க வேண்டும்.

தொழிற்சாலையில் அவனோடு வேலை செய்கிற தமிழ்ப் பெடியன் பிரெய்ன் இதிலெல்லாம் கெட்டிக்காரன். லப்டொப் மெதுவாக வேலை செய்கிறது, பாஸ்வேர்ட்டும் மறந்துபோச்சு என்று சுபாங்கன் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டான். பிரெய்ன் சிரித்தான்.

"உடைக்கிறதுக்கு ஏன் மினக்கெடுவான் அண்ணை? எல்லாத்தையும் துடைச்சுப்போட்டுப் புதுசா ஒப்பரேட்டிங் சிஸ்டம் ஏத்துங்கோ. அது கேக்கிறதுக்குப் பதில் சொல்லிக்கொண்டு போனால் சரி." அடுத்த நாளே ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து கையில் வைத்தான்.

சனிக்கிழமை துஷாராவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அவளுடைய பஸ் வளைவில் மறைந்ததும் சுபாங்கன் குசினி மேசையில் அந்தக் கறுப்புப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். வெளியே அந்த வருசத்து முதல் பனி விழத் தொடங்கியிருந்தது. சத்தமே இல்லாத பனி. காடு, வேலி, பாதை என்று ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தது.

கணினி மரியாதையாகக் கேள்விகள் கேட்டது. என்ன மொழி? என்ன விசைப்பலகை? இதில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கப் போகிறேன், சம்மதமா?

சம்மதம் என்று அழுத்தியபோது, வலித்த பல்லைப் பிடுங்கி எறிந்தவனுக்கு வருகிற ஆறுதல் அவனுக்கு வந்தது. எவனாக இருந்தாலும் போய்த் தொலைந்தான்.

அடுத்து நேர வலயம். திரை முழுக்க உலகப்படம் விரிந்தது. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று மேலே ஒரு வரி. படத்தில் சிவப்பு ஊசி ஒன்று ஏற்கனவே குத்தி நின்றது.

இலங்கையில்.

சுபாங்கன் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோனான். இன்டர்நெட் தொடுக்கவில்லை. உள்ளே இருந்ததெல்லாம் அழிந்துவிட்டது. புத்தம் புதிதாக ஏறுகிற ஒன்றுக்கு இலங்கையை யார் சொல்லிக்கொடுத்தது? பழைய இயந்திரம், எங்கேயாவது ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். ஊசியைப் பிடித்துக் கொப்பன்ஹேகனில் வைத்தான்.

கையை எடுத்தான். ஊசி நகர்ந்தது.

மெதுவாக, அவசரமில்லாமல், கருங்கடலைத் தாண்டி, பாலைவனங்களைத் தாண்டி, பழையபடி இலங்கைக்குப் போய் நின்றது.

மறுபடியும் வைத்தான். மறுபடியும் போனது. அவனுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. தன் வீட்டுக் குசினியில், தன் மனைவியின் கணினியில், எவனோ ஒருவனுடைய ஊர் தன்னோடு மல்லுக்கு நிற்பதுபோல இருந்தது. மூன்றாவது முறை ஊசியைக் கொப்பன்ஹேகனில் வைத்து, விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே, மற்றக் கையால் 'அடுத்து' என்பதைத் தட்டினான்.

கணினிக்குள் சுழன்ற விசிறியின் சத்தம் நின்றது. குளிர்சாதனப் பெட்டியின் உறுமல் நின்றது. வெப்பக் குழாய்களுக்குள் எந்நேரமும் களகளக்கிற தண்ணீரும் நின்றது.

ஐரோப்பா, கொப்பன்ஹேகன் என்று திரையில் எழுத்து வந்தது.

அந்த வீட்டில் வரக்கூடாத மணம் ஒன்று அப்போதுதான் வந்தது. புகையில் வாட்டிய புகையிலையின் காரமான மணம். இணுவில் பக்கம் தோட்டங்களைக் கடந்து போகிறவர்களின் உடுப்பில் ஏறிக்கொள்ளும், துவைத்தாலும் லேசில் போகாது. அதோடு கடற்கரைச் சேற்று நாற்றமும் கலந்திருந்தது.

பின்கதவுக்கு வெளியே யாரோ ரப்பர் செருப்பைக் கழற்றித் தட்டினார்கள். ஒன்று. பிறகு மற்றது.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். வெள்ளைப் பனி, ஒரு காக்காய்க் கால்கூடப் படாமல் கிடந்தது.

துஷாரா பின்னேரம் வந்தாள். மேலங்கியைக் கழற்றாமலே மேசையைப் பார்த்தாள். திரையின் மூலையில் நேரத்தைப் பார்த்தாள். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். இரண்டும் ஒன்றாயிருந்தன. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"மாத்திப்போட்டியளே?"

"வைரஸ் இருந்தது. துடைச்சுப்போட்டுப் புதுசா ஏத்தினனான்."

அவள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு நேர வலயப் பட்டியலைத் திறந்தாள். மேலும் கீழுமாகத் திரும்பத் திரும்ப அவசரமாகத் தேடினாள். கராச்சி இருந்தது. டாக்கா இருந்தது. கொழும்பு மட்டும் அதில் இல்லை.

அந்த அவசரமே சுபாங்கனுக்குச் சாட்சியாகப் பட்டது. "ஆரவன்?" என்றான். நீர் என்ற மரியாதை அவன் வாயிலிருந்து கழன்றுவிட்டது. "சொல்லு. ஆரவன்?"

"நிரூபன்," என்றாள். "மாமான்ர மகன்."

எல்லாவற்றையும் சொன்னாள். சின்ன வயதிலேயே இரண்டு வீட்டாரும் பேசிவைத்த மச்சான். புகையிலைத் தோட்டக்காரர்கள். லப்டொப் அவன் வாங்கிக் கொடுத்தது. ஒவ்வொரு இரவும் எட்டு மணிக்கு அதில் அழைப்பான். எங்கே நிற்கிறாய், ஆரோடு நிற்கிறாய், அறையைத் திருப்பிக் காட்டு என்று கேட்பான். அவளுக்கு மூச்சு முட்டும்.

"டென்மார்க் சம்பந்தம் வந்திருக்கு எண்டு அப்பா சொன்னதும் ஓம் எண்டு சொன்னது நான்தான். உங்களை எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வியளில இருந்து தப்பினால் காணும் எண்டு இருந்தது. எவ்வளவு சந்தோசப்பட்டனான் தெரியுமே?"

சுபாங்கனோடு அவளுக்குக் கலியாண எழுத்து நடப்பதற்கு முந்தின கிழமை நிரூபன் மோட்டச்சைக்கிளோடு பண்ணைப் பாலத்திலிருந்து கடலுக்குள் போனான். கரையிலே சேற்றுக்குள்ளிருந்து எடுத்தார்கள்.

"அவன்ர செத்தவீட்டு எட்டுச்செலவு முடிஞ்ச அண்டைக்கு லப்டொப் அடிச்சுது," என்றாள் துஷாரா. குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. "படம் இல்லை. குரல் மட்டும். எங்க நிக்கிறாய் எண்டு கேட்டான். வீட்டில எண்டன். நேரத்தைப் பார்த்தான்போல, நம்பிட்டான். அதுக்குப் பிறகு எத்தினை தரம் கேட்டாலும் அதே பதில்தான். அந்த நேரம் அப்படியே இருக்குமட்டும் நான் இணுவிலில இருக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டு அவன் அங்கையே நிண்டான்."

"அப்ப லப்டொப்பைத் தூக்கி எறியிறதுக்கென்ன?"

"எறிஞ்சால் தேடுவானெல்லோ." அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "இனித் தேடத் தேவையில்லை. நீங்கள் விலாசம் குடுத்திட்டியள்."

சுபாங்கன் சிரித்தான். நல்ல சிரிப்பல்ல அது. "செத்தவனைக் காட்டி, இருக்கிறவனை மறைக்கிறியோ?"

அவள் அழவில்லை. எழுந்துபோய்ப் பின்கதவைப் பூட்டினாள். "அவன் வந்தால் கோவத்தோடதான் வருவான். கேள்வி கேட்டுக்கொண்டுதான் வருவான். எனக்கு அவனைத் தெரியும்," என்றாள், பூட்டைப் பிடித்தபடியே.

சில நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. துஷாரா எல்லா அறையிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு இருந்தாள். லப்டொப் அடிக்கவில்லை. சுபாங்கன் வேலையால் வரும்போது குசினியில் தாழ்ந்த குரல் எதுவும் கேட்கவில்லை. வென்றுவிட்டோம் என்று நினைத்தான். வென்றவனுக்கு மனம் ஆறத்தானே வேண்டும்? அவனுக்கு ஆறவில்லை. செத்தவன் கதையை அவள் எவ்வளவு கோர்வையாகச் சொன்னாள், அப்படியென்றால் எவ்வளவு காலம் யோசித்து வைத்திருப்பாள் என்று படுக்கையில் புரண்டுகொண்டிருந்தான்.

பிறகு ஒரு நாள் அவன் வந்தபோது வீடு வேறு மாதிரி இருந்தது. துஷாரா ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நின்றாள். கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களில் இரண்டு சாப்பாட்டுத் தட்டுகள் இருந்தன.

"பசிக்குது," என்றான் சுபாங்கன், அந்தத் தட்டுகளைப் பார்த்தபடி.

அவள் சிரித்தாள். "மத்தியானம் வந்து வடிவாச் சாப்பிட்டனீங்கள்தானே? பிறகும் பசிக்குதோ?"

அவன் மத்தியானம் தொழிற்சாலையில், பிரெய்னுக்கு எதிரே உட்கார்ந்து, கறுப்புப் பாண் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

நான் வரவில்லையே என்று சொல்லியிருந்தால் கதை வேறு. ஆனால் சுபாங்கனின் மூளை அப்படி ஓடுகிற மூளையல்ல. எவனோ வந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறான், இவள் சமாளிக்கப் பார்க்கிறாள், இப்போது மறுத்தால் உசாராகிவிடுவாள், கையும் களவுமாகத்தான் பிடிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டான்.

"ஓம்," என்றான். "வந்தனான்தான். திரும்பவும் பசிக்குது."

அந்த ஒரு ஓம் போதுமாயிருந்தது.

துஷாரா கிட்ட வந்து, எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, அவன் தோளில் தலையைச் சாய்த்தாள். "ஒண்டும் கேக்காமல், ஏசாமல் இருந்து கதைச்சுப்போட்டுப் போனீங்கள். எவ்வளவு நல்லா இருந்தது தெரியுமே? எண்டைக்கும் இப்படி இருங்கோவன்."

அவளுடைய தலைமயிர் மணத்தது. அதற்குள்ளே, மெல்லியதாக, புகையிலை மணத்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் இதே கூத்துத்தான். மத்தியானம் நீங்கள் சொன்ன பகிடியை நினைத்து நினைத்துச் சிரித்தேன் என்பாள். நீங்கள் சொன்னதால்தான் இந்தச் சிவப்புச் சட்டையைப் போட்டேன் என்பாள். யாருக்கோ வந்த பார்சலைக் கையெழுத்துப் போட்டு வாங்குகிறவன் மாதிரிச் சுபாங்கன் அவளுடைய அன்பையெல்லாம் வாங்கிக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. அவளுடைய கை தன் கன்னத்தைத் தொடும்போது, இது எனக்கில்லை, அவனுக்கு என்று உள்ளே ஒருவன் பல்லைக் கடித்தான். அவள் எவ்வளவுக்கு எவ்வளவு சந்தோசமாக இருந்தாளோ, அவ்வளவுக்கு அவன் வெந்தான்.

ஒரு நாள் வேலைக்குப் போவதுபோலப் போய், லீவு சொல்லிவிட்டுத் திரும்பினான். காரைக் காட்டு ஓரமாக விட்டுவிட்டு மரங்களுக்கிடையில் நின்று வீட்டையே பார்த்தான். நல்ல வெளிச்சம். இரவில் விழுந்த பனி கண்ணைக் கூசவைத்தது. துஷாரா காலை வேலை முடிந்து நடந்து வந்து உள்ளே போனாள். முன்பாதையில் அவளுடைய சப்பாத்து அடிகள் மட்டும் இருந்தன. பின்பக்கம் பனி வழுவழுவென்று கிடந்தது.

கார் எதுவும் வரவில்லை. சைக்கிள் எதுவும் வரவில்லை. ஊர்த் தேவாலயத்தில் பதினொரு மணி அடித்தது. மூச்சுக் காற்றில் மங்கிய மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தான்.

காட்டிலிருந்து பின்கதவு வரைக்கும் காலடிகள்.

வெறுங்கால்கள். ஐந்து விரலும் தெளிவாகப் பதிந்திருந்தன. அவன் நின்ற மரத்துக்குப் பக்கத்தாலேதான் போயிருந்தன.

போன அடிகள் மட்டும்தான். திரும்பி வந்த அடி ஒன்றுமில்லை.

யாழ்ப்பாணத்தில் இப்போது மூன்றரை மணி என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவன் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற நேரம். எவனோ ஒருவன் தன்னுடைய மணிக்கூட்டைப் பார்த்து, நாள் தவறாமல், அதே நேரத்துக்கு வந்துகொண்டிருக்கிறான். அவனுடைய மூன்றரை, இவனுடைய மூன்றரைக்கு எப்போதும் முந்தித்தான் வரும்.

குனிந்தபடி ஓடிப்போய்க் குசினி யன்னலுக்குள் பார்த்தான்.

மேசையில் சுபாங்கன் உட்கார்ந்திருந்தான்.

அதே நீலத் தொழிற்சாலைச் சட்டை. அதே சொட்டை விழத் தொடங்கிய முன்தலை. எதிரே துஷாரா தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றாள். அந்தச் சுபாங்கன் ஏதோ சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு, கோப்பை தளும்ப, உடம்பு குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வெளியே நின்றவன் கலியாண வீடியோவில்கூடப் பார்த்ததில்லை.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் பயந்து செத்திருப்பார்கள். சுபாங்கனுக்கு முதலில் வந்தது பயமில்லை. இரண்டு வருசமாக என்னோடு இப்படி ஒருநாள் சிரித்தாளா என்பதுதான் முதலில் வந்தது. பயம் அதற்குப் பின்னால்தான் வந்தது.

முன்கதவை இரண்டு கையாலும் அடித்தான். "திற! கதவைத் திற! ஆரவன் உள்ளுக்கை? ஆரோட நிக்கிறாய்?"

சிரிப்பு நின்றது.

கதவு ஒரு முழம் திறந்தது. துஷாரா அவனைப் பார்த்தாள். பேயைக் கண்டவள் பார்க்கிற பார்வை.

"ஆர் துஷாரா?" உள்ளேயிருந்து கேட்டது. சுபாங்கனின் குரல். ஆனால் அவன் ஒருநாளும் பேசியிராத அளவுக்கு மிருதுவாக இருந்தது.

"வந்திட்டாய்," என்று அவள் கிசுகிசுத்தாள்.

"நான்தான். சுபாங்கன்."

"அவர் உள்ளுக்கை இருக்கிறார்."

"அது நானில்லை! எத்தினை நாளா வாறான்? என்ன கதைச்சவன்? உன்னைத் தொட்டவனோ? சொல்லு, தொட்டவனோ?"

கேட்டு முடிப்பதற்குள்ளேயே தவறு செய்துவிட்டான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவளுடைய கண்ணில் மிச்சமிருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகமும் போய்விட்டது.

"நான் ஏமாறமாட்டன் நிரூபன்," என்றாள். "அவர் இப்ப இப்படியெல்லாம் கேக்கிறேல்லை. திருந்திட்டார். நீ செத்தும் திருந்தேல்லை."

கதவு மூடிக்கொண்டது. உள்பக்கத் தாழ்ப்பாள் விழுந்தது.

சாவியைப் போட்டான், திறக்கவில்லை. பின்கதவும் திறக்கவில்லை. மறுபடியும் முன்கதவுக்கு வந்து, முழங்காலில் விழுந்து, கதவில் கடிதம் போடுகிற துவாரத்தின் தகட்டை விரலால் தள்ளிப் பார்த்தான்.

புகையிலை மணம் முகத்தில் அடித்தது.

அந்தப் பக்கம், நிலத்தில், இரண்டு வெறுங்கால்கள் நின்றன. விரலிடுக்குகளில் கறுத்தச் சேறு. கால்களைச் சுற்றி நிலம் நனைந்திருந்தது. துஷாரா தூரத்தில் எங்கேயோ விம்மிக்கொண்டிருந்தாள்.

கால்கள் மடிந்தன. யாரோ குனிந்து, துவாரத்துக்குக் கிட்ட வாயை வைத்தார்கள். இந்தக் குரல் சுபாங்கனுடையதல்ல.

"சத்தம் போடாதை. அவள் பயப்பிடுறாள்."

சுபாங்கனின் விரல் தகட்டிலேயே இருந்தது.

"முந்தி நானும் உன்னைப் போலத்தான். எந்த நேரமும் கேள்வி. செத்தாப் பிறகு யோசிக்க நேரம் கிடந்தது." மூச்சே இல்லாமல் வந்தது அந்தக் குரல். "இப்ப நான் அவளை ஒண்டும் கேக்கிறேல்லை. அவளுக்கு அதுதான் பிடிச்சிருக்கு."

தகடு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

பொலிசுக்கு அடிக்கலாமா என்று யோசித்தான். என்ன சொல்வது? என் வீட்டுக்குள் நான் இருக்கிறேன், என்னை வெளியே எடுங்கள் என்றா? மூன்றரை மணி வரைக்கும் காருக்குள் கிடந்தான். நேரம் முடிந்ததும் மற்றவன் போய்விடுவான், வழக்கமாகப் போகிறவன்தானே என்று அந்த ஒரு நம்பிக்கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தான். இருட்டியது. குசினி விளக்கு எரிந்தது. பிறகு இருப்பறை விளக்கு எரிந்தது. திரைச்சீலையில் இரண்டு நிழல்கள் சேர்ந்து நடந்தன. யாரும் வெளியே போகவில்லை. பின்பக்கத்துப் பனியில் புதிதாக ஒரு அடியும் விழவில்லை.

அவளுக்கு அடித்தான். எடுக்கவில்லை. அப்போதுதான் போன் தானாக அதிர்ந்தது. குடும்ப வாட்ஸ்அப்பில் துஷாரா ஒரு படம் போட்டிருந்தாள்.

இருப்பறைச் சோபா. சிவப்புச் சட்டையில் துஷாரா, பக்கத்தில் சுபாங்கன். அவனுடைய கை அவளுடைய தோளைச் சுற்றியிருந்தது. அவள் ஒதுங்கவில்லை, சாய்ந்திருந்தாள். இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். குளிரில் விறைத்த விரலால் அவன் படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தான். அந்தக் கை எங்கே இருக்கிறது, எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்றுதான் பார்த்தான்.

கீழே, கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்து அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து அவனுடைய அக்கா கமலாதேவி எழுதியிருந்தாள்.

"தம்பி, நீ இப்பிடிச் சிரிச்சு நான் இண்டைக்குத்தான் பாக்கிறன். கண் படப்போகுது. என்னடா நடந்தது உனக்கு?"

அக்கா, அது நானில்லை என்று அவசர அவசரமாக எழுதினான். அனுப்புவதற்கு விரலை வைத்தான்.

அதற்கு முந்தியே பதில் வந்து விழுந்தது. அவனுடைய பெயரில், அவனுடைய சின்னப் படத்தோடு.

"இனி இப்பிடித்தான் அக்கா."

அதற்குத் துஷாரா ஒரு இதயம் போட்டிருந்தாள்.